லேப்டாப் வாங்கப் போறீங்களா? ஒட்டன்சத்திரம் வாசிகள் கவனிக்க வேண்டியவை

ஒட்டன்சத்திரம்,-

ஒட்டன்சத்திரம் என்றாலே காய்கறி மார்க்கெட்தான் எல்லோருக்கும் ஞாபகத்துக்கு வரும். தக்காளி, முருங்கை, கத்தரி என்று இங்கிருந்து கேரளாவுக்கு லோடு போகாத நாள் குறைவு. முன்பெல்லாம் மண்டிக் கணக்கு என்றால் நீளமான சிவப்பு அட்டை நோட்டும், காதில் சொருகிய பேனாவும்தான். இப்போது காலம் மாறி விட்டது. கணக்குப்பிள்ளை மேஜையில் லேப்டாப் உட்கார்ந்து இருக்கிறது. திண்டுக்கல்லுக்கும், பழனிக்கும் தினமும் பஸ்சில் போய் வரும் கல்லூரி மாணவ-மாணவிகளின் பையிலும் அதுதான் இருக்கிறது.

ஆனால் வாங்கும்போதுதான் சிக்கல். "எதுங்க நல்லா இருக்கும்?" என்று கடையில் கேட்டால், கையிருப்பில் எது இருக்கிறதோ அதைத்தான் எடுத்து வைப்பார்கள். ஒரு போகம் முருங்கை விற்ற காசு, அல்லது 12 மாத தவணை. இதைக் கொண்டு போய் தவறான பெட்டியில் போட்டு விட்டு, ஆறு மாதத்தில் "ஓப்பன் ஆகவே அஞ்சு நிமிசம் ஆகுது" என்று புலம்புவதில் அர்த்தம் இல்லை.

விளையாட்டு, சினிமா எடிட்டிங் போன்ற கனமான வேலை எதுவும் இல்லாமல் கணக்கு, கடிதம், இன்டர்நெட், ஆன்லைன் விண்ணப்பம், வீடியோ அழைப்பு இவற்றுக்கு மட்டும் லேப்டாப் தேடுபவர்களுக்கான விவரங்கள் இங்கே தொகுத்து தரப்பட்டு உள்ளன.

இலவச லேப்டாப்பில் தொடங்கிய கதை

நம் ஊர் பக்கம் பல வீடுகளுக்கு முதல் லேப்டாப் வந்தது கடையில் இருந்து அல்ல, பள்ளிக்கூடத்தில் இருந்துதான். 2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி அண்ணா பிறந்த நாளில், அன்றைய முதல்-அமைச்சர் ஜெயலலிதா திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் விலையில்லா மடிக்கணினி திட்டத்தை தொடங்கி வைத்தார். அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு வழங்கப்பட்ட இந்த லேப்டாப்களை எல்காட் நிறுவனம் டெண்டர் விட்டு கொள்முதல் செய்தது. விண்டோசுடன், சென்னை சி-டாக் மையம் உருவாக்கிய 'பாஸ்' லினக்சும் அதில் இருந்தது.

அதன் பிறகு 2025 மார்ச் 14-ந் தேதி தாக்கலான தமிழக பட்ஜெட்டில், 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு 2 ஆண்டுகளில் கையடக்க கணினி அல்லது மடிக்கணினி வழங்க ரூ.2 ஆயிரம் கோடி அறிவிக்கப்பட்டது. 2026 ஜனவரியில் லேப்டாப் வினியோகம் தொடங்கியது. அந்த டெண்டரில் கேட்கப்பட்ட அளவு: 8 ஜி.பி. ரேம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒரு மாணவர் படிப்பு முடிகிற வரை ஓட்டுவதற்கு இதுதான் அடிமட்டம் என்று அரசே முடிவு செய்து இருக்கிறது. சொந்தக் காசில் வாங்குபவர்களுக்கும் இது நல்ல அளவுகோல். இதற்குக் கீழே யார் எவ்வளவு விலை குறைத்துக் கொடுத்தாலும் திரும்பி வந்து விடலாம்.

பழைய லேப்டாப் என்ன ஆகும்?

பழைய இலவச லேப்டாப்கள் பல வீடுகளில் பரண் மேல் கிடக்கின்றன. அவற்றை வைத்தே ஓட்டலாமா என்பது பலரது கேள்வி.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் தந்து வந்த இலவச பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு நின்று விட்டது. தனியாக பதிவு செய்து கொண்ட வீட்டு உபயோகிப்பாளர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் வரை அவகாசம் தரப்பட்டது. விண்டோஸ் 11 போட வேண்டும் என்றால் 'டி.பி.எம். 2.0' என்ற பாதுகாப்பு சிப் வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக 8-வது தலைமுறை பிராசசர் அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். பத்து வருடத்துக்கு முந்தைய லேப்டாப்களில் இது இருக்காது. குறுக்கு வழியில் போட்டுத் தருகிறேன் என்று சொல்பவர்களிடம் உஷாராக இருக்க வேண்டும். பின்னால் அப்டேட் வராமல் போனால் கேட்க ஆள் இருக்காது.

அதற்காக எடைக்குப் போட்டு விட வேண்டாம். பழைய ஹார்டு டிஸ்க்கை கழற்றி விட்டு எஸ்.எஸ்.டி. போட்டு, லினக்ஸ் ஏற்றினால் குழந்தைகள் படிக்கவும், இன்டர்நெட் பார்க்கவும் இன்னும் சில வருடம் ஓடும். ஆனால் பேட்டரி உப்பி, டச்பேடு மேலே தூக்கிக் கொண்டு இருந்தால் சார்ஜ் போடவே கூடாது. உப்பிய லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கக் கூடியது. அதை குப்பைத் தொட்டியில் போடுவதும் ஆபத்து. மின்னணு கழிவு வாங்கும் இடத்தில்தான் ஒப்படைக்க வேண்டும்.

வங்கிக் கணக்கு, ஜி.எஸ்.டி. தாக்கல் போன்ற பண விஷயங்களுக்கு மட்டும் அப்டேட் நின்று போன லேப்டாப்பை நம்பக் கூடாது.

பிராசசர்: பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்

"ஐ3-ங்க, ஐ5-ங்க" என்று மட்டும் சொன்னால் போதாது. எந்த தலைமுறை என்று கேட்க வேண்டும். இன்டெல் 'ஐ3' என்ற பெயருக்குப் பின்னால் வரும் எண்ணில் முதல் இரண்டு இலக்கம் அதைச் சொல்லி விடும். 1215 என்றால் 12-வது தலைமுறை. 1315 என்றால் 13-வது. பத்து வருடத்துக்கு முந்தைய ஐ7-ஐ விட 12-வது தலைமுறை ஐ3 அன்றாட வேலைக்கு மேல். 2023 கடைசியில் இருந்து இன்டெல் புதிய வரவுகளுக்கு 'ஐ' எழுத்தை விட்டு விட்டு 'கோர் 3', 'கோர் 5', 'கோர் அல்ட்ரா' என்று பெயர் வைக்க ஆரம்பித்தது. ஆகவே இரண்டு விதமான பெயரும் கடைகளில் கலந்து இருக்கும்.

ஏ.எம்.டி. ரைசன் வகையில் இன்னொரு சூட்சுமம் உண்டு. 7 ஆயிரம் வரிசையில் எண்ணின் முதல் இலக்கம் வெளியான வருடத்தை ஒட்டியது. உள்ளே இருக்கும் சரக்கு எவ்வளவு பழையது என்பதை மூன்றாவது இலக்கம்தான் சொல்லும். உதாரணமாக 7320 என்பதில் மூன்றாவது இலக்கம் 2. அதாவது 2019-ல் வந்த 'ஜென் 2' வடிவமைப்பு. 7330 என்றால் 'ஜென் 3'. 7320 மோசம் என்று சொல்ல முடியாது, சாதாரண வேலைக்குப் போதும். ஆனால் "புத்தம் புது மாடல்" என்று சொல்லி அதிக விலை வைத்தால் இந்த இலக்கத்தைக் காட்டி பேரம் பேசலாம்.

செலரான், மற்றும் 'என்' எழுத்தில் தொடங்கும் என்100 போன்ற பிராசசர்கள் விலை குறைந்தவை. டைப் அடிக்கவும், மெயில் பார்க்கவும் சமாளிக்கும். ஒரே நேரத்தில் டேலி, பிரவுசரில் பத்து பக்கம், வீடியோ அழைப்பு என்று திறந்தால் திணறும். நாலைந்து வருடம் வைத்து ஓட்ட வேண்டும் என்பவர்கள் ஐ3 12-வது தலைமுறை, ரைசன் 3 அல்லது 5 என்று போவதே நல்லது.

ரேம்: பின்னால் கூட்ட முடியுமா?

குறைந்தது 8 ஜி.பி. வேண்டும். 16 ஜி.பி. கிடைத்தால் சவுகரியம். இங்கே கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி, "ரேம் கூட்ட தனி ஸ்லாட் இருக்குதுங்களா, இல்ல போர்டுலயே ஒட்டிட்டாங்களா?" என்பதுதான்.

எடை குறைந்த பல லேப்டாப்களில் ரேம் சிப்பை மதர்போர்டிலேயே சால்டர் செய்து விடுகிறார்கள். அதில் பிறகு ஒரு ஜி.பி. கூட கூட்ட முடியாது. ஸ்லாட் இருந்தால் இன்று 8 ஜி.பி. வாங்கி விட்டு, கையில் காசு வரும்போது கூட்டிக் கொள்ளலாம். 2025 கடைசியில் உலக அளவில் மெமரி சிப் விலை கடுமையாக ஏறியது. அதனால் தனியாக வாங்கினால் என்ன விலை, கடையில் சேர்த்து வாங்கினால் என்ன விலை என்று இரண்டையும் கேட்டுப் பார்த்து முடிவு செய்வது புத்திசாலித்தனம்.

எஸ்.எஸ்.டி.யா, இ.எம்.எம்.சி.யா?

சுழலும் ஹார்டு டிஸ்க் உள்ள லேப்டாப்பை இனி யாரும் வாங்கக் கூடாது. பஸ்சில் குலுங்கிக் கொண்டு போகும்போது ஆன் செய்து இருந்தால் டிஸ்க் அடி வாங்கும். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகம் கிடையாது. ஸ்டார்ட் ஆவதும் வேகம். 256 ஜி.பி. குறைந்தபட்சம், 512 ஜி.பி. போதுமான அளவு.

விலை ரொம்பக் குறைவாக இருக்கும் சில மாடல்களில் 'இ.எம்.எம்.சி.' என்று போட்டு 64 ஜி.பி. அல்லது 128 ஜி.பி. கொடுப்பார்கள். இது செல்போனில் வருகிற மாதிரியான மெமரி. வேகமும் குறைவு, மாற்றவும் முடியாது. 64 ஜி.பி. இருந்தால் விண்டோசும் அதன் அப்டேட்டுமே பெரும் பகுதி இடத்தை அடைத்துக் கொள்ளும். பெட்டியில் சின்ன எழுத்தில்தான் போட்டு இருக்கும். கண்ணாடி போட்டுக் கொண்டாவது படித்து விட வேண்டும்.

பையில் தூக்கணும்... எடை பாருங்க

தினமும் பஸ்சில் நின்று கொண்டே போகிறவருக்கு 14 இஞ்ச் திரை சரியாக இருக்கும். எடை சுமார் 1.4 கிலோ. 15.6 இஞ்ச் என்றால் 1.6, 1.7 கிலோ வரும். கூடவே சார்ஜர், தண்ணீர் பாட்டில், டிபன் பாக்ஸ் என்று சேர்ந்தால் தோள்பட்டை சொல்லி விடும். அதே நேரம் மண்டியிலோ, கடையிலோ ஒரே இடத்தில் வைத்து பகல் முழுக்க கணக்கு பார்ப்பவருக்கு 15.6 இஞ்ச் நல்லது. அதில் வலது பக்கம் தனியாக எண் பலகை வருவது உண்டு. ரூபாய் கணக்கு அடிப்பவர்களுக்கு அந்த எண் பலகை இல்லாவிட்டால் கை ஓடாது.

திரையில் 'புல் எச்.டி.' இருக்க வேண்டும். அதாவது 1920-க்கு 1080. ஐ.பி.எஸ். வகை திரை என்றால் பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் நிறம் வெளுக்காது. பளபளப்பான கண்ணாடி மாதிரி திரை கடைக்குள் அழகாக இருக்கும். வெயில் அடிக்கும் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தால் நம் முகம்தான் தெரியும். மங்கலான பூச்சு உள்ள திரையே நம் ஊர் வெயிலுக்கு ஏற்றது. இந்த வித்தியாசம் தெரிய வேண்டும் என்றால் லேப்டாப்பை கடை வாசல் பக்கம் கொண்டு வந்து ஒரு முறை பார்த்து விட வேண்டும்.

பேட்டரி: 'மணி'யை நம்பாதீங்க, 'வாட் அவர்' பாருங்க

"பத்து மணி நேரம் நிக்கும்" என்று விளம்பரத்தில் சொல்வது வெளிச்சத்தைக் குறைத்து வைத்து வீடியோ ஓட்டிப் பார்த்த கணக்கு. நாம் பார்க்க வேண்டியது பேட்டரியின் 'வாட் அவர்' அளவு. சாதாரண வேலையில் லேப்டாப் மணிக்கு 8 முதல் 10 வாட் அவர் வரை எடுக்கிறது என்று வைத்துக் கொண்டால், 50 வாட் அவர் பேட்டரி 5 முதல் 6 மணி நேரம் தாங்கும். 36 வாட் அவர் என்றால் 4 மணி நேரம்தான்.

மின்வாரியத்தின் மாதாந்திர பராமரிப்பு நாளில் காலையில் போகிற கரண்ட் சாயந்திரம்தான் வரும். அன்றைக்குத்தான் ஆன்லைன் விண்ணப்பத்துக்கு கடைசி தேதியாக இருக்கும். ஆகவே 45 வாட் அவருக்குக் குறையாமல் வாங்குவது நல்லது.

'டைப்-சி' துவாரம் வழியாக சார்ஜ் ஏறும் மாடல் கிடைத்தால் விட வேண்டாம். சார்ஜரை வீட்டில் மறந்து விட்டு வந்தாலும் போதுமான வாட் உள்ள இன்னொரு டைப்-சி சார்ஜரைக் கொண்டு சமாளிக்கலாம். ஆனால் டைப்-சி துவாரம் இருக்கும் எல்லா லேப்டாப்பிலும் சார்ஜ் ஏறாது. சிலவற்றில் பென் டிரைவ் போட மட்டும்தான் அது. கடையிலேயே செருகிப் பார்த்து விட வேண்டும்.

பயணத்தில் கவனிக்க வேண்டியவை

ரெயிலில் இரவுப் பயணம் போகிறவர்கள் ஏறும் முன்பே முழுசாக சார்ஜ் போட்டுக் கொள்ள வேண்டும். தீ விபத்து பயத்தால் இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை சார்ஜிங் பாயிண்டுகளுக்கு மின்சாரத்தை நிறுத்தும் நடைமுறையை 2021-ல் ரெயில்வே கையில் எடுத்தது. ராத்திரி போட்டுக் கொள்ளலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான்.

மதுரையிலோ, கோவையிலோ விமானம் ஏறுகிறவர்கள் லேப்டாப்பை கைப்பையில் வைப்பதே முறை. 100 வாட் அவர் வரை உள்ள பேட்டரிக்கு தனி அனுமதி தேவை இல்லை. சாதாரண லேப்டாப் எல்லாமே இதற்குள்தான் வரும். பவர் பேங்க்கை லக்கேஜில் போடவே கூடாது. 20 ஆயிரம் எம்.ஏ.எச். பவர் பேங்க் என்பது சுமார் 74 வாட் அவர். அதையும் கைப்பையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும்.

பஸ்சில் மேலே லக்கேஜ் கம்பியில் லேப்டாப் பையை வைப்பதும், பைக் பெட்ரோல் டேங்க் மீது வைத்து ஓட்டுவதும் வேண்டாத வேலை. திரை உடைந்தால் வாரண்டியில் வராது.

டேலி, தமிழ் டைப்பிங் செய்கிறவர்களுக்கு...

டேலியில் கணக்கு பார்ப்பவர்கள் விண்டோஸ் லேப்டாப் தவிர வேறு எதையும் யோசிக்க வேண்டாம். குரோம்புக், ஆப்பிள் மேக் இரண்டிலும் டேலி நேரடியாக ஓடாது. எல்லா வேலையும் பிரவுசரிலேயே முடிந்து விடும் என்கிற மாணவர்களுக்கு குரோம்புக் போதும்.

தமிழில் அடிக்க விண்டோஸ் 11-ல் தமிழ் 99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது. தனி சாப்ட்வேர் வாங்கத் தேவை இல்லை. ஆனால் பழைய கடிதங்கள், நோட்டீஸ் எல்லாம் பாமினி, வானவில் போன்ற எழுத்துருவில் வைத்து இருப்பவர்கள், பழைய லேப்டாப்பில் இருந்து அந்த எழுத்துருக்களையும் பென் டிரைவில் எடுத்துக் கொள்ள வேண்டும். இல்லை என்றால் புது லேப்டாப்பில் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும்.

'டாஸ்' அல்லது 'லினக்ஸ்' என்று போட்ட லேப்டாப் சில ஆயிரம் ரூபாய் குறைவாக இருக்கும். அதில் விண்டோஸ் லைசென்ஸ் கிடையாது. "நான் போட்டுத் தர்றேன் அண்ணே" என்று கடைக்காரர் சொன்னால் அது திருட்டு விண்டோசாக இருக்க வாய்ப்பு அதிகம். அதோடு சேர்ந்து வைரசும் வரும். பேங்க் பாஸ்வேர்டு அடிக்கிற மிஷினில் இந்த விளையாட்டு வேண்டாம்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

பெரிய கம்பெனிகள் 3, 4 வருடம் பயன்படுத்தி விட்டுத் தள்ளும் திங்க்பேடு, லேட்டிட்யூட், எலைட்புக் வகை லேப்டாப்கள் விற்பனைக்கு வருகின்றன. இவை அலுவலக உபயோகத்துக்காக உறுதியாக செய்யப்பட்டவை. கீபோர்டும் நன்றாக இருக்கும். குறைந்த பட்ஜெட்டில் புதிதாக செலரான் வாங்குவதை விட இது மேல். ஆனால் சிலவற்றை சோதித்துப் பார்க்க வேண்டும்.

* விண்டோஸ் 11 முறைப்படி ஏற்கும் பிராசசரா? 8-வது தலைமுறைக்குக் குறைந்தால் வேண்டாம்.

* ஆன் செய்யும்போதே பயாஸ் பாஸ்வேர்டு கேட்கிறதா? கேட்டால் வாங்கக் கூடாது.

* இன்டர்நெட்டில் இணைத்து முழுசாக ரீசெட் செய்தால், பழைய கம்பெனியின் மெயில் ஐ.டி.யை கேட்கிறதா? கேட்டால் அது இன்னும் அந்த கம்பெனி கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று அர்த்தம். திருட்டுப் பொருளாகவும் இருக்கலாம்.

* விண்டோசிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்க முடியும். எடுத்துக் காட்டச் சொல்ல வேண்டும். புதிதாக இருந்தபோது 50 ஆயிரம், இப்போது முழு சார்ஜில் 30 ஆயிரம் என்று காட்டினால் பேட்டரியில் 60 சதவீத உயிர்தான் பாக்கி. புது பேட்டரி விலையை கழித்துக் கொண்டு பேச வேண்டும்.

* திரையை முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்க வேண்டும். கீல் லூசாக இருந்தால் அடுத்த செலவு அதுதான்.

* பில்லும், எழுத்தில் வாரண்டியும் இல்லாமல் வாங்கக் கூடாது.

சர்வீஸ் எங்கே கிடைக்கும்?

வாங்கும் முன் விசாரிக்க வேண்டியதில் பிராண்டை விட இதுதான் முக்கியம். வாரண்டியில் இரண்டு வகை உண்டு. 'ஆன்சைட்' என்றால் ஆள் வீட்டுக்கோ, கடைக்கோ வந்து சரி செய்வார். 'கேரி-இன்' என்றால் நாம்தான் சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக் கொண்டு போக வேண்டும். திண்டுக்கல்லிலோ, மதுரையிலோ, கோவையிலோ சர்வீஸ் சென்டர் என்றால் கொடுக்க ஒரு நாள், வாங்க ஒரு நாள் என்று இரண்டு நாள் பிழைப்பு கெட்டு விடும்.

ஆன்சைட் என்று பெட்டியில் போட்டு இருந்தாலும், ஒட்டன்சத்திரம் பின்கோடுக்கு அது உண்டா என்று கம்பெனியின் டோல்-ப்ரீ எண்ணில் கேட்டு உறுதி செய்து கொள்ள வேண்டும். கிராமப்புறத்தில் இருப்பவர்கள் தங்கள் ஊர் பின்கோடையே சொல்லிக் கேட்பது நல்லது. லேப்டாப்பின் சீரியல் நம்பரை கம்பெனி இணையதளத்தில் அடித்தால் வாரண்டி எந்த தேதியில் தொடங்கியது என்று தெரியும். புதிது என்று விற்ற பெட்டிக்கு ஆறு மாதம் முன்பே வாரண்டி தொடங்கி இருந்தால் அங்கேயே கேட்டு விடலாம்.

ஆன்லைனில் வாங்குகிறவர்கள் பார்சலைப் பிரிப்பதை ஆரம்பத்தில் இருந்து கடைசி வரை செல்போனில் வீடியோ எடுத்து வைக்க வேண்டும். பின்னால் தகராறு வந்தால் அதுதான் சாட்சி. சார்ஜரிலும் லேப்டாப்பிலும் பி.ஐ.எஸ். பதிவு முத்திரை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஜி.எஸ்.டி. பில்: எல்லோருக்கும் திரும்பக் கிடைக்காது

லேப்டாப்புக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. வரிக்கு முன் 40 ஆயிரம் ரூபாய் என்றால் வரி மட்டும் 7 ஆயிரத்து 200 ரூபாய். மொத்தம் 47 ஆயிரத்து 200 ரூபாய். "ஜி.எஸ்.டி. நம்பர் போட்டு பில் வாங்குங்க, வரி திரும்ப வந்துடும்" என்று சொல்வார்கள். எல்லோருக்கும் இது பொருந்தாது.

பச்சைக் காய்கறிக்கு ஜி.எஸ்.டி. இல்லை. விளைபொருளை விற்றுத் தரும் கமிஷன் ஏஜெண்டு சேவைக்கும் விலக்கு உண்டு. விலக்கு பெற்ற வியாபாரம் மட்டும் செய்கிறவர்கள் உள்ளீட்டு வரியை திரும்பப் பெற முடியாது. ஆகவே காய்கறி மட்டும் விற்கும் மண்டிக்காரருக்கு 7 ஆயிரத்து 200 ரூபாயும் செலவுதான். நெய், வெண்ணெய் போன்ற வரி உள்ள பொருளை விற்று, முறைப்படி ஜி.எஸ்.டி. கட்டுபவர்கள் தொழிலுக்காக வாங்கும் லேப்டாப்புக்கு வரியை கழித்துக் கொள்ளலாம். காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்கு இந்த சலுகை கிடையாது. ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டு விட்டு பட்ஜெட் போடுவது நல்லது.

'வட்டி இல்லா தவணை' என்ற வார்த்தையிலும் மயங்க வேண்டாம். ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்கும் தள்ளுபடி தவணையில் கிடைக்காமல் போகலாம். பிராசசிங் கட்டணம், அதற்கு ஜி.எஸ்.டி. என்று தனியாக வரும். ரொக்க விலை எவ்வளவு, தவணையில் மொத்தம் எவ்வளவு என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்கச் சொல்லி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்து விடும்.

வெயிலும் தூசியும்

பங்குனி, சித்திரை வெயிலில் தகர ஷெட்டுக்குள் வைத்து லேப்டாப் ஓட்டுவது பேட்டரிக்கு எமன். சூடுதான் லித்தியம் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கிறது. நிறுத்தி வைத்த காருக்குள் லேப்டாப்பை விட்டு விட்டுப் போகக் கூடாது. மெத்தை, தலையணை மீது வைத்தால் காற்றுத் துவாரம் அடைபடும். எப்போதும் சார்ஜரிலேயே வைத்து வேலை பார்ப்பவர்கள், 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருந்தால் அதை ஆன் செய்து விட வேண்டும். பல கம்பெனிகளின் லேப்டாப்பில் இது உண்டு.

மார்க்கெட் பகுதியில் தூசி, வெங்காயச் சருகு, சாக்குப் பஞ்சு எல்லாம் பேன் துவாரத்தில் போய் அடைத்துக் கொள்ளும். வருடத்துக்கு ஒரு முறை திறந்து சுத்தம் செய்தால் போதும், பாதி புகார் குறைந்து விடும். மின் அழுத்தம் ஏறி இறங்கும் இடங்களில் சர்ஜ் பாதுகாப்பு உள்ள நல்ல ஸ்பைக் பஸ்டர் போட வேண்டும். இடி, மின்னல் நேரத்தில் பிளக்கைப் பிடுங்கி விடுவதே உத்தமம்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. லேப்டாப் போனால் காசு கொடுத்து இன்னொன்று வாங்கி விடலாம். அதில் இருந்த மூன்று வருட பாக்கிக் கணக்கு போனால் யாரிடம் போய்க் கேட்பது? வாரத்துக்கு ஒரு முறை பென் டிரைவிலோ, வெளியே இணைக்கும் டிஸ்க்கிலோ நகல் எடுத்து, அதை லேப்டாப் பையில் வைக்காமல் வீட்டு பீரோவில் வைக்க வேண்டும். பை திருடு போனால் இரண்டும் சேர்ந்து போய் விடும் என்பதால்தான் இப்படி.

ஏமாந்து விட்டால்?

கடைக்காரரோ, கம்பெனியோ வாரண்டியில் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ தொடர்பு கொள்ளலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி, பொருளை சென்னையில் வாங்கினாலும், ஆன்லைனில் வாங்கினாலும், வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்கு போட முடியும். ரூ.5 லட்சத்துக்கு உட்பட்ட பொருள் என்றால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளில் இருந்து 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். பில், வாரண்டி அட்டை, சர்வீஸ் சென்டரில் தந்த ஜாப் சீட்டு இவற்றை பத்திரமாக வைத்து இருந்தால்தான் வழக்கு நிற்கும்.

கடைக்குப் போகும்போது கையில் இருக்க வேண்டிய சீட்டு

* ரேம் 8 ஜி.பி.க்கு குறையக் கூடாது. கூட்ட ஸ்லாட் இருந்தால் நல்லது.

* எஸ்.எஸ்.டி. 256 அல்லது 512 ஜி.பி. இ.எம்.எம்.சி. வேண்டாம்.

* ஐ3 12-வது தலைமுறைக்கு மேல், அல்லது ரைசன் 3, 5. மூன்றாவது இலக்கம் பார்க்கவும்.

* திரை புல் எச்.டி., மங்கல் பூச்சு. அலைச்சலுக்கு 14 இஞ்ச், கடைக்கு 15.6 இஞ்ச்.

* பேட்டரி 45 வாட் அவருக்கு மேல். டைப்-சி சார்ஜ் ஏறுகிறதா?

* லைசென்ஸ் உள்ள விண்டோஸ் 11.

* நம் பின்கோடுக்கு ஆன்சைட் சர்வீஸ் உண்டா?

* பெயர், சீரியல் நம்பர் போட்ட ஜி.எஸ்.டி. பில்.

இந்த எட்டுக்கும் சரியான பதில் கிடைத்தால் எந்த கம்பெனி பெயர் மூடியில் போட்டு இருந்தாலும் தைரியமாக வாங்கலாம். பதில் சொல்லத் தயங்கி, "ஆபர் இன்னிக்கு மட்டும்தாங்க" என்று அவசரப்படுத்தினால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுவதே நல்லது. மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டியைக் கவிழ்த்து அடியில் இருப்பதையும் பார்த்து வாங்குகிற ஊர்க்காரர்கள், லேப்டாப் பெட்டியையும் அப்படியே பார்த்து வாங்க வேண்டியதுதான்.